டோனர் ஒட்டுவது யார் குற்றம்?

ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம் வந்துவிட்டால் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அண்ணா, என்னண்ணா இது? எழுத்துக்குக் கீழே நிழல் மாதிரி அதே எழுத்து மறுபடியும் விழுந்திருக்கு?"

"ஹீட் ரோலர்ல பொடி ஒட்டுது தம்பி. இரு, நாலு வெள்ளைத் தாள் ஓட்டிட்டு எடுத்துத் தர்றேன்."

நாலு வெள்ளைத் தாள் ஓடும். நிழல் போகும். இருபது பக்கம் கழித்துத் திரும்பி வரும். மாணவன் மெஷினைத் திட்டுவான். கடைக்காரர் பொடி விற்றவரைத் திட்டுவார். பொடி விற்றவர் "மெஷின் பழசு சார்" என்பார். மெஷின் கம்பெனியைக் கேட்டால் "எங்கள் டோனரை மட்டும் போட்டிருந்தால் இது வந்திருக்காது" என்று பதில் வரும். நாலு பேர், நாலு குற்றவாளிகள்! உண்மையில் குற்றம் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. டோனர் டப்பாவின் மேல் எழுதப்படாத இரண்டு வரிகளில் இருக்கிறது. எப்படி என்று பார்க்க, முதலில் அந்த ஒட்டல் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மை இல்லை, பிளாஸ்டிக்

டோனரை மைப்பொடி என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் கறுப்பு நிறம் தரும் கரித்தூள் சிறு பங்குதான். பெரும்பங்கு பிளாஸ்டிக் பிசின். ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் வகை. ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரான் அளவு. அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு, இருநூறு துகள்களை வரிசையாக வைக்கலாம்.

டிரம்மில் இருந்து மின்னூட்டத்தால் இழுக்கப்பட்டுத் தாளில் வந்து உட்காரும்போது இந்தப் பொடி, வாசலில் போட்ட கோலப்பொடி போலத்தான் இருக்கும். ஊதினால் பறந்துவிடும். அதைத் தாளோடு பிடிக்க வைக்கும் இடத்துக்குத்தான் ஃபியூசர் என்று பெயர். ஒரு சூடான ரோலர், அதன் கீழே அழுத்தும் ரப்பர் ரோலர் ஒன்று. நடுவில் தாள் நுழைகிறது. பல மெஷின்களில் அந்தச் சூடு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தாளின் ஒரு புள்ளி அந்த இடுக்கில் இருக்கும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அதற்குள் பிளாஸ்டிக் உருகி, தாளின் நாருக்குள் இறங்கி, பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிரச்சனை எங்கே? உருகிய பிளாஸ்டிக்குக்கு ஒரு பக்கம் தாள், இன்னொரு பக்கம் ரோலர். தாளில் ஒட்ட வேண்டும், ரோலரில் ஒட்டக்கூடாது. பிளாஸ்டிக்குக்கு இது எப்படித் தெரியும்?

தோசைக்கல் கணக்கு

தோசை சுட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கல் சரியாகக் காயாவிட்டால் மாவு கல்லோடு ஒட்டும். அதிகமாகக் காய்ந்துவிட்டாலும் தோசை ஒழுங்காக எழும்பாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது.

டோனருக்கும் அப்படியே. சூடு போதவில்லை என்றால் பொடி முழுதாக உருகித் தாளைப் பிடிக்காது. அரைகுறையாக இளகி ரோலரோடு போய்விடும். சூடு அதிகமானால் பொடி கூழ் போல இளகிவிடும். தாள் ரோலரை விட்டுப் பிரியும்போது அந்தக் கூழ் நடுவில் பிய்ந்து, பாதி தாளிலும் பாதி ரோலரிலும் தங்கும். ரோலரில் தங்கியது அடுத்த சுற்றில் தாளில் பதியும். அந்த மாணவன் பார்த்த நிழல் இதுதான்.

இதில் ஒரு சின்னத் துப்பறியும் வேலை செய்யலாம். அசல் எழுத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால், அது ஹீட் ரோலரின் சுற்றளவாக இருக்கும். ரோலரின் விட்டம் 30 மி.மீ. என்றால் நிழல் சுமார் 94 மி.மீ. தள்ளி விழும். அளவு வேறாக இருந்தால் கோளாறு டிரம்மிலோ வேறு ரோலரிலோ இருக்கலாம். ஸ்கேல் விலை பத்து ரூபாய். வீணாக மாற்றும் டிரம்மின் விலை அதைவிடப் பல மடங்கு.

ஒட்டாமல் இருக்க என்ன செய்தார்கள்?

1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதியை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, கண்ணாடியில் எழுதிய '10-22-38 அஸ்டோரியா' என்ற எழுத்துகளின் வழியே ஒளி பாய்ச்சி, மேலே பொடி தூவினார். பொடியை ஒரு மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்து, மெழுகு இளகும்படி சூடு காட்டினார். பொடி பிடித்துக்கொண்டது. இந்த மெழுகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1959இல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷினில் ஹீட் ரோலர் கிடையாது. தாள் ஒரு சூடான அடுப்பறை வழியாகப் போகும். பொடியை எதுவும் தொடாது. தொடாவிட்டால் ஒட்டாது, அல்லவா? ஆனால் தாள் உள்ளே சிக்கிக்கொண்டால் தீப்பிடித்தது! மெஷினோடு சேர்த்துத் தீயணைக்கும் கருவி ஒன்றையும் கம்பெனி கொடுத்தது. 'தீ' என்ற சொல் விற்பனையைக் கெடுக்கும் என்று அதற்கு 'கருகல் நீக்கி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். மார்க்கெட்டிங் பாடத்துக்கு நல்ல உதாரணம் :-)

வேகமும் வேண்டும், தீயும் பிடிக்கக்கூடாது என்றால் ரோலர் தாளைத் தொட்டுச் சூடு தர வேண்டும். தொட்டால் ஒட்டும். அதைத் தடுக்க மூன்று வழிகள் வந்தன.

ஒன்று, ரோலருக்கு டெஃப்லான் பூசுவது. நான்ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பொருள். கார்ல்சன் அந்தப் பிரதி எடுத்த அதே 1938இல், ஏப்ரல் மாதம், டூபாண்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. அந்த வருடம் இரண்டும் ஒன்றுக்கொன்று தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு, ரோலர் மேல் சிலிக்கோன் எண்ணெய் தடவுவது. தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பது போல. நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எண்ணெய் கொஞ்சம் தாளோடும் போகும். அந்தத் தாளில் பேனா சரியாக எழுதாது, ஒட்டும் சீட்டு நிற்காது, புத்தகம் பைண்டிங் செய்யப் போட்ட பசை விட்டுவிடும். மெஷினுக்குள் எண்ணெய்க்கு ஒரு தொட்டி, தடவ ஒரு துணி, அவற்றை மாற்ற ஒரு ஆள் என்று செலவும் கூடியது.

மூன்றாவது வழிதான் இன்றைய மெஷின்களில் பரவலாக இருப்பது. எண்ணெயைக் கல்லில் தடவாமல் மாவிலேயே கலந்துவிட்டார்கள்! டோனர் துகளுக்குள் சில சதவீதம் மெழுகு. சூடும் அழுத்தமும் பட்டதும் மெழுகு பிளாஸ்டிக்குக்கு முன்பே உருகி, துகளின் வெளிப்பக்கம் கசிந்து, ரோலருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்கிறது. தாள் பிரிந்து போகிறது. கார்ல்சனின் தாளில் இருந்த மெழுகு, ஒரு சுற்று சுற்றிப் பொடிக்குள் வந்துவிட்டது.

மெழுகோடு பிசினிலும் ஒரு வேலை உண்டு. நீளம் குறைந்த மூலக்கூறுகள் சீக்கிரம் உருகித் தாளைப் பிடிக்கும். நீளமானவை உருகிய பிறகும் ரப்பர் போல ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து, நடுவில் பிய்யாமல் காக்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் டோனர் செய்பவரின் திறமை.

இங்கேதான் விஷயம் மாறுகிறது

எண்ணெய் தடவிய காலத்தில், ஒட்டாமல் தடுக்கும் பொறுப்பு மெஷினிடம் இருந்தது. மெழுகு பொடிக்குள் போனதும் அந்தப் பொறுப்பும் பொடியோடு போய்விட்டது. அதாவது டோனர் என்பது தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளும் மை அல்ல. ஃபியூசரின் ஒரு உதிரி பாகம் அது. ஒவ்வொரு தாளோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முடிக்கிற உதிரி பாகம்.

நிமிடத்துக்கு 20 பக்கம் ஓடும் மெஷினுக்குச் செய்த பொடி, 50 பக்கம் ஓடும் மெஷினில் போதிய நேரம் சூடு கிடைக்காமல் ஒட்டலாம். குறைந்த சூட்டில் உருகச் செய்த பொடியை அதிகச் சூடுள்ள பழைய மெஷினில் போட்டால் கூழாகி ஒட்டலாம். பொடி இரண்டும் தரமானவைதான். ஜோடிதான் பொருந்தவில்லை.

இன்றைய சின்ன பிரிண்டர்கள் பலவற்றில் ஹீட் ரோலருக்குப் பதில் ஒரு மெல்லிய ஃபிலிம்தான் சுற்றுகிறது. சுவிட்ச் போட்டவுடன் சூடாகும், மின்சாரம் மிச்சம். ஆனால் அதில் பொடி ஒட்டிக் கட்டியானால் சீக்கிரம் கீறி, கிழிந்துவிடும். 'டெஃப்லான் போச்சு' என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கடைக்காரரின் லாப நஷ்டக் கணக்கு

"அப்படியானால் கம்பெனி டோனரையே வாங்க வேண்டியதுதானே" என்று அறிவுரை சொல்வது எளிது. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே இருப்பவை புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள், சந்தை விலை அல்ல.

கம்பெனி கார்ட்ரிட்ஜ் 6,000 ரூபாய், 2,500 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 2 ரூபாய் 40 காசு. அதே கார்ட்ரிட்ஜில் 350 ரூபாய்க்கு ரீஃபில் செய்தால் பக்கத்துக்கு 14 காசு. மலிவுப் பொடியால் ஃபியூசர் ஃபிலிம் 5,000 பக்கத்திலேயே போய், மாற்ற 1,500 ரூபாய் ஆகிறது என்றாலும் அதற்கு 30 காசு. மொத்தம் 44 காசு. ஃபியூசரைக் கெடுத்துக்கொண்ட பிறகும் ரீஃபில்தான் மலிவு! பக்கத்துக்கு ஓரிரு ரூபாய் வாங்கும் கடைக்காரர் ரீஃபிலை விடமாட்டார் என்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. 500 ரூபாய்க்கு அந்த மெஷினுக்குச் சரியாகப் பொருந்தும் ரீஃபில் பொடி கிடைத்தால் பக்கத்துக்கு 20 காசு. ஃபிலிம் 50,000 பக்கம் உழைத்தால் அதற்கு 3 காசு. மொத்தம் 23 காசு. அதாவது பொடியில் 6 காசு மிச்சம் பிடித்தவர் ஃபிலிமில் 27 காசு விடுகிறார். வீணான தாளும், பக்கத்துக் கடைக்குப் போன மாணவனும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆக, போட்டி 'அசல் டோனர்' எதிர் 'ரீஃபில் டோனர்' என்பதல்ல. பொருந்தும் பொடி எதிர் பொருந்தாத பொடி. சரி, எது பொருந்தும் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? பல ரீஃபில் டப்பாக்களில் மெஷின் மாடல்களின் நீண்ட பட்டியலும், 'உயர்தரம்' என்ற சொல்லும், எடையும் இருக்கும். எந்தச் சூட்டில் உருகும், எந்தச் சூட்டுக்கு மேல் ரோலரில் ஒட்டும் என்ற இரண்டு எண்கள் இருக்காது. விலையைத் தவிர ஒப்பிட எதுவுமே இல்லாத சந்தையில் மலிவானதுதான் ஜெயிக்கும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

பூட்டு போடுவது தீர்வா?

கம்பெனிகள் சொல்லும் 'வேறு டோனர் ஃபியூசரைக் கெடுக்கும்' என்பது வெறும் மிரட்டல் அல்ல. மேலே பார்த்தபடி அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை வைத்து அவர்கள் போட்ட பூட்டுகள்தான் கேள்விக்குரியவை. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து, வேறு யாரும் அதே போல சிப் செய்யக்கூடாது என்று வழக்குப் போட்டது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பிறகு, ஒருமுறை விற்ற கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்து விற்பது காப்புரிமை மீறல் என்று அதே கம்பெனி வாதிட்டது. 2017 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. பொருளை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமைப் பிடி முடிந்துவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் பூட்டைத் திறந்தது. ஆனால் உள்ளே போட வேண்டிய பொடி எது என்று சட்டம் சொல்லவில்லை. அந்தத் தகவல் இல்லாத வரை கம்பெனியின் பயமுறுத்தலுக்கும் மதிப்பு இருக்கும், மட்டமான பொடிக்கும் மார்க்கெட் இருக்கும். மௌனத்தில் இரண்டு தரப்புக்கும் லாபம்.

இன்ஜின் ஆயிலிடம் கற்றுக்கொள்ளலாம்

பைக் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். இன்ஜின் ஆயில் டப்பாவில் இருபது டபிள்யூ நாற்பது என்பது போல ஒரு கிரேடு எண் இருக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மெக்கானிக்குக்குத் தெரியும். எண் பொருந்தினால் எந்தக் கம்பெனி ஆயிலையும் தேர்வு செய்யலாம். ஆயிலும் இன்ஜினும் பொருந்த வேண்டும் என்ற பிரச்சனையைப் பூட்டு போட்டுத் தீர்க்கவில்லை, எண் போட்டுத் தீர்த்தார்கள்.

டோனருக்கும் அப்படி ஒரு கிரேடு வேண்டும். பொடி நன்றாகப் பிடிக்கத் தொடங்கும் சூடு, ரோலரில் ஒட்டத் தொடங்கும் சூடு, எவ்வளவு வேகம் வரை தாங்கும், மெழுகு உண்டா இல்லையா, எத்தனை டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். இவ்வளவுதான். கடைசியில் சொன்னது வெயில் ஊருக்கு ரொம்ப முக்கியம். குறைந்த சூட்டில் உருகும் பொடியை மே மாதத்தில் தகரக் கூரை போட்ட குடோனில் வைத்தால் டப்பாவுக்குள்ளேயே கட்டி தட்டிவிடும். பிரிண்டர் கம்பெனியும் தன் பங்குக்கு, ஃபியூசர் ஓடும் சூட்டை மேனுவலில் போட வேண்டும்.

இதைக் கேட்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(9) பிரிவு, பொருளின் தரம், அளவு, திறன், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. "ஜெராக்ஸ் கடைக்காரர் வியாபாரிதானே, நுகர்வோர் எப்படி ஆவார்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்சநீதிமன்றம், தட்டச்சு இயந்திரம் வாங்கித் தானே அடித்துப் பிழைப்பவரை உதாரணமாகக் காட்டியே இதை விளக்கியது. அந்தத் தட்டச்சு இயந்திரத்தின் இடத்தில் இன்று ஜெராக்ஸ் மெஷின் இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுப்புகள்

'சூட்டைச் சொன்னால் தொழில் ரகசியம் போய்விடும்' என்பார்கள். போகாது. பிஸ்கட் பாக்கெட்டில் சேர்மானம் எழுதியதால் யாரும் அந்த பிஸ்கட்டைச் செய்துவிடவில்லை. உருகும் சூடு என்பது விளைவு, செய்முறை அல்ல. போட்டிக் கம்பெனி ஒரு டப்பா வாங்கிச் சோதனைக்கூடத்தில் ஒரே நாளில் அளந்துவிடும். தெரியாமல் இருப்பது வாங்குபவருக்கு மட்டும்தான்.

'டப்பாவை யார் படிக்கப் போகிறார்கள்' என்பது அடுத்தது. எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. ஊருக்கு நாலு சர்வீஸ் ஆட்கள் படித்தால் போதும். தப்பான பொடியை எந்தக் கடையிலும் ஏற்ற விடமாட்டார்கள்.

'விலை ஏறும்' என்பது நியாயமான பயம். சோதனைக்குச் செலவு உண்டு. ஆனால் மேலே போட்ட கணக்கில் 6 காசுக்குப் பயந்து 27 காசு போனதை மறக்கக்கூடாது.

அதுவரை?

கிரேடு வரும் வரை செய்யக்கூடியவை சில உண்டு. பொருந்துகிற பொடி ஒன்று அமைந்தால் அதையே தொடர்ந்து வாங்குவது, இரண்டு பொடிகளை ஒரே கார்ட்ரிட்ஜில் கலக்காமல் இருப்பது. தடித்த அட்டைக்கு பிரிண்டரில் தாள் வகையை மாற்றிக் கொடுப்பது. ஈரம் இழுத்த தாளைத் தவிர்ப்பது. சின்னத் தாள்களை நூற்றுக்கணக்கில் ஓட்டியவுடனே பெரிய தாளைக் கொடுக்காமல் இருப்பது (தாள் படாத ஓரங்களில் ரோலர் அதிகம் சூடாகி இருக்கும், அங்கே ஒட்டும்). ஃபியூசருக்கு ஏற்றது என்று எழுதாத பிளாஸ்டிக் ஷீட்டைக் கண்டிப்பாக ஓட்டக்கூடாது. ரோலரில் ஒட்டியதைப் பிளேடு வைத்துச் சுரண்டுவது எல்லாவற்றிலும் மோசம். கீறல் விழுந்த டெஃப்லானில் பொடி இன்னும் நன்றாக ஒட்டும்.

இவையெல்லாம் கடைக்காரர்கள் நஷ்டப்பட்டு, ஒருவர் சொல்லி ஒருவர் கற்றுக்கொண்டவை. பொடி செய்பவர் சோதித்து வைத்திருக்கும் ஒரு எண்ணை, வாங்குபவர் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபியூசரைப் பலி கொடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை டப்பாவில் அச்சடிக்க ஆகும் செலவு என்ன? ஒரு சொட்டு மை!